ஒரே படம் நாலு இடத்தில்: ஜாவாவில் படத் தேடல் எழுதிப் பழகுவோம்

எங்கள் வீட்டில் ஒரு ஹார்ட் டிஸ்க் இருக்கிறது. மூன்று பழைய போன்களின் பேக்கப், அக்கா கல்யாண ஆல்பம், குடும்ப குரூப்பில் வந்து குவிந்தவை எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 10,000 படங்கள். ஒரே படம் நாலு இடத்தில் கிடக்கும். கேமராவில் எடுத்த மூலம் ஒன்று, வாட்ஸ்அப் வழியாகச் சுருங்கி வந்தது ஒன்று, வெளிச்சம் கூட்டிச் சேமித்தது ஒன்று, சின்ன அளவில் இன்னொன்று. கோப்பின் பெயர் வேறு, அளவு வேறு, உள்ளே இருக்கும் பைட்டுகளும் வேறு. கண்ணுக்கு மட்டும் ஒரே படம்.

எம்டி5 (கோப்பின் பைட்டுகளிலிருந்து ஓர் அடையாள எண் கணக்கிடும் முறை) போட்டுப் பார்க்கலாமே என்று தோன்றும். அது உதவாது. ஒரு பைட் மாறினாலும் மொத்த எண்ணும் மாறிவிட வேண்டும் என்பதற்காகவே செய்த கணக்கு அது. நமக்கு வேண்டியது இதற்கு நேர் எதிரானது: படம் கொஞ்சம் மாறினால் எண்ணும் கொஞ்சமாக மட்டும் மாற வேண்டும்.

படத் தேடல் என்பதே இவ்வளவுதான். படத்தைச் சில எண்களாகச் சுருக்குகிறோம், பிறகு அந்த எண்களை ஒப்பிடுகிறோம். சுருக்கும்போது எதையாவது விட்டுத்தான் ஆக வேண்டும். எதை விடுவது என்பதில்தான் எல்லா முறைகளும் வேறுபடுகின்றன. இது பிடிபடாமல் பெரிய லைப்ரரியை இறக்கிக்கொண்டு உட்கார்ந்தால், விடை ஏன் தப்பாக வருகிறது என்று தெரியாமல் நாள் கணக்கில் முழிக்க வேண்டியதுதான். அதனால் முதலில் வெறும் ஜாவாவிலேயே கையால் ஒன்று எழுதுவோம். கருவிகள் தேவைப்படும்போது ஒவ்வொன்றாக வரட்டும்.

(வகுப்பு, கட்டளைப் பெயர்களை உச்சரிப்பில் எழுதியிருக்கிறேன். தட்டச்சும்போது வழக்கமான ஆங்கில எழுத்துகளில் அடியுங்கள்.)

முதலில் ஜேடிகே மட்டும்

ஜாவா எழுதுவதற்குக் கட்டாயம் வேண்டியது ஜேடிகே (ஜாவா நிரலைத் தொகுத்து ஓட்டும் கருவித்தொகுப்பு) ஒன்றுதான். ஓப்பன்ஜேடிகே திறமூலம் என்பதால் பல நிறுவனங்கள் அதைக் கட்டித் தருகின்றன. புதியவர்களுக்கு அடாப்டியம் திட்டம் தரும் டெமுரின் போதும். நீண்டகாலப் பராமரிப்புள்ள பதிப்பாக எடுங்கள்: 2023 செப்டம்பரில் வந்த 21, அல்லது 2025 செப்டம்பரில் வந்த 25. உரிமம் பற்றிக் கவலை வேண்டாம். ஓப்பன்ஜேடிகே ஜிபிஎல் உரிமத்தில் இருந்தாலும், அதோடு உள்ள விதிவிலக்கின்படி நீங்கள் எழுதும் நிரல் ஜிபிஎல் ஆகிவிடாது.

நிறுவியதும் டெர்மினலில் ஜாவா (நிரலை ஓட்டுவது) பதிப்பையும் ஜாவாசி (நிரலைத் தொகுப்பது) பதிப்பையும் தனித்தனியாகக் கேட்டுப் பாருங்கள். இரண்டும் ஒரே எண்ணைச் சொல்ல வேண்டும். பழைய கணினிகளில் எப்போதோ யாரோ நிறுவிய ஜாவா 8 இன்னும் ஒளிந்துகொண்டிருக்கும். ஜாவாசி புதியது, ஜாவா பழையது என்று ஆகிவிட்டால், 'அன்சப்போர்ட்டட் கிளாஸ் வெர்ஷன்' என்ற பிழை வரும். அதில் 65, 52 என்று இரண்டு எண்கள் இருக்கும். 65 என்றால் ஜாவா 21-இல் தொகுத்தது, 52 என்றால் ஓட்ட முயன்றது ஜாவா 8. பாத் அமைப்பில் (கணினி கட்டளைகளைத் தேடும் ஃபோல்டர் பட்டியல்) பழையதைத் தூக்கிவிட்டால் சரியாகிவிடும்.

ஜாவா 11 முதல் ஒற்றைக் கோப்பு நிரலைத் தனியாகத் தொகுக்காமல் நேரடியாக ஓட்டலாம். கோப்பின் பெயரை ஜாவா கட்டளைக்குப் பக்கத்தில் கொடுத்தால் போதும். நம் முதல் நிரலுக்கு இதற்கு மேல் ஒன்றும் தேவையில்லை.

எடிட்டர் எது? எக்லிப்ஸ், நெட்பீன்ஸ், இன்டெலிஜே மூன்றும் நல்லவை. இன்டெலிஜேவின் இலவசப் பயன்பாடே இந்த வேலைக்குத் தாராளம். கல்லூரியில் எது பழக்கமோ அதையே வைத்துக்கொள்ளுங்கள். இதில் செலவழிக்கும் விவாத நேரம் வீண்.

64 பிட்டில் ஒரு படம்

நாம் எழுதப்போகும் முறைக்கு டிஹாஷ் என்று பெயர். செய்முறை சின்னது. படத்தைக் குறுக்கே 9, நெடுக்கே 8 கட்டங்களாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கட்டத்துக்கும் சராசரி வெளிச்சம் எவ்வளவு என்று பாருங்கள். பிறகு ஒவ்வொரு வரிசையிலும் இடப்பக்கக் கட்டத்தைவிட வலப்பக்கக் கட்டம் வெளிச்சமாக இருந்தால் 1, இல்லாவிட்டால் 0. ஒன்பது கட்டங்களுக்கு இடையே எட்டு ஒப்பீடு, எட்டு வரிசை, ஆக 64 பிட். ஜாவாவின் லாங் என்ற 64 பிட் முழு எண் வகையில் கச்சிதமாக அடங்கிவிடும்.

ஒரு வரிசையைக் கையாலேயே போட்டுப் பார்ப்போம். ஒன்பது கட்டங்களின் வெளிச்சம் இப்படி என்று வைத்துக்கொள்ளுங்கள்:

52, 60, 71, 70, 70, 90, 120, 118, 95

52-ஐவிட 60 பெரியது, 1. 60-ஐவிட 71 பெரியது, 1. 71-க்கு அடுத்து 70, எனவே 0. 70-ம் 70-ம் சமம், 0. அடுத்து 90, 1. அடுத்து 120, 1. பிறகு இறங்குமுகம், 0, 0. கிடைத்தது 11001100.

இப்போது யாரோ இந்தப் படத்தின் வெளிச்சத்தை 20 கூட்டிவிட்டார்கள். 72, 80, 91 என்று எல்லா எண்ணும் மாறும். ஆனால் எது பெரியது என்பது மாறவில்லை, அதனால் விடை அதே 11001100. வாட்ஸ்அப் சுருக்கியதில் நடுவே இருந்த 70, 70 என்பது 70, 71 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். நாலாவது பிட் மட்டும் 0-இலிருந்து 1 ஆகும். கொஞ்சம் மாறினால் கொஞ்சமாக மாற வேண்டும் என்று கேட்டோமே, அது இங்கே நடந்துவிட்டது.

இந்த முறை எதை விடுகிறது என்றும் இப்போதே தெரிகிறது. நிறத்தை முழுதாக விட்டுவிட்டது. சின்ன விவரங்களையும் விட்டுவிட்டது. எது எங்கே இருக்கிறது என்பதை மட்டும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. அதனால் படத்தை இடவலமாகப் புரட்டினாலோ, ஓரத்தைத் தாராளமாக வெட்டினாலோ டிஹாஷ் கைவிட்டுவிடும்.

ஜாவாவில் எழுதும்போது: இமேஜ்ஐஓ வகுப்பின் ரீட் கோப்பைப் படித்து பஃபர்ட்இமேஜ் ஒன்றைத் தரும். அதில் கெட்ஆர்ஜிபி ஒவ்வொரு பிக்சலையும் ஒரே இன்ட்டாகத் தரும். 16 பிட் வலப்பக்கம் நகர்த்தி 255-ஓடு ஆண்ட் செய்தால் சிவப்பு, 8 நகர்த்தினால் பச்சை, நகர்த்தாமல் எடுத்தால் நீலம். சிவப்பை 299, பச்சையை 587, நீலத்தை 114-ஆல் பெருக்கிக் கூட்டி 1000-ஆல் வகுத்தால் வெளிச்சம். நம் கண்ணுக்குப் பச்சை அதிகம் உறைக்கும், அதனால்தான் அதற்குப் பெரிய பங்கு.

படத்தை 9க்கு 8 ஆகச் சுருக்க ஜாவாவின் வரைகலை வகுப்பான கிராஃபிக்ஸ்2டி இருக்கிறதே என்று அதைக் கூப்பிடாதீர்கள். அதன் பைலீனியர் முறை, புதிய பிக்சல் விழும் இடத்துக்குப் பக்கத்தில் உள்ள நாலு பிக்சல்களை மட்டும்தான் பார்க்கும். 4000 பிக்சல் அகலத்தை 9 ஆக்கும்போது நடுவில் உள்ள நூற்றுக்கணக்கான பிக்சல்கள் கணக்கிலேயே வராது. ஒரு முடிக்கற்றை அந்த இடத்தில் விழுந்தால் பிட் மாறிவிடும். ஒவ்வொரு கட்டத்துக்கும் கூட்டுத்தொகை, எண்ணிக்கை என்று இரண்டு அரே வைத்துக்கொண்டு சராசரியை நீங்களே எடுங்கள். பத்து வரி வேலை.

பிட்டுகளைச் சேர்க்கும் இடத்தில் புதியவர்கள் பலர் வழுக்கி விழுகிறார்கள். 1-ஐ 40 இடம் இடப்பக்கம் நகர்த்து என்று எழுதினால், ஜாவா அந்த 1-ஐ இன்ட் என்று எடுத்துக்கொள்ளும். இன்ட்டுக்கு 32 பிட்தான். 40-இலிருந்து 32 போக மிச்சம் 8 இடம் மட்டும் நகர்த்திவிட்டுச் சும்மா இருக்கும். பிழைச் செய்தியும் வராது. இதைத் தவிர்க்க ஒரு சுலபமான வழி: லாங் வகையில் ஹாஷ் (படத்தைச் சுருக்கிய எண்) ஒன்றை 0-இல் தொடங்கி, ஒவ்வொரு ஒப்பீட்டுக்கும் அதை ஒரு இடம் நகர்த்தி, புதிய பிட்டை ஆர் செய்துகொண்டே போங்கள். இறுதியில் 16-அடிமான எண்ணாக அச்சிட்டுப் பாருங்கள். சாதாரண எண்ணாக அச்சிட்டால் பாதிப் படங்களுக்கு மைனஸ் வந்து குழப்பும்.

இரண்டு படங்களை ஒப்பிட ஒரே வரி: இரண்டு லாங்கையும் எக்ஸார் செய்து, லாங் வகுப்பின் பிட்கவுன்ட்டிடம் கொடுங்கள். எத்தனை பிட் வேறுபடுகிறது என்று சொல்லும். 0 என்றால் ஒன்றேதான். ஒட்டே இல்லாத இரண்டு படங்களுக்கு 32-ஐ ஒட்டி வரும், காசு சுண்டிப் போட்டதுபோல. 10 வரை ஒரே படம் என்று கொள்வது வழக்கம். நான் 6-இல் தொடங்கி, தவறியவற்றைப் பார்த்து மெல்ல ஏற்றுவேன்.

கோப்பைப் படிப்பதில்தான் பாடு

கணக்கு இவ்வளவு சின்னது. நாள் முழுக்க இழுப்பது கோப்பைப் படிக்கிற வேலை.

ஃபைல்ஸ் வகுப்பின் வாக் ஒரு ஃபோல்டரையும் அதன் உட்பிரிவுகளையும் சுற்றி வரும். அதை ட்ரை அடைப்புக்குள் திறங்கள், இல்லையென்றால் மூடாமல் கிடக்கும். எல்லாப் பாதைகளையும் முதலில் ஒரு லிஸ்டாக்கிக்கொண்டு, பிறகு அந்த லிஸ்டை பேரலல் ஸ்ட்ரீமில் விடுங்கள். வாக்கை நேராக பேரலல் ஆக்கினால் மொத்தம் எத்தனை என்று அதற்குத் தெரியாததால் வேலையைச் சரியாகப் பங்குபோடாது.

இமேஜ்ஐஓ தனக்குத் தெரியாத வகைக் கோப்பைக் கண்டால் பிழை எழுப்பாது. அமைதியாக 'நல்' (ஒன்றுமில்லை என்ற மதிப்பு) தரும். ஜேபெக், பிஎன்ஜி, ஜிஃப், பிஎம்பி அதற்குத் தெரியும், ஜாவா 9 முதல் டிஃப் தெரியும். வெப்பி தெரியாது, ஐபோனின் ஹைக் தெரியாது. நல் சோதனை வைக்காவிட்டால் 3,000-ஆவது படத்தில் நிரல் செத்து விழும். படிக்க முடியாதவற்றைத் தனி லிஸ்டில் எழுதி வையுங்கள், இறுதியில் பார்த்துக்கொள்ளலாம்.

நினைவகம் அடுத்தது. 4000க்கு 3000 படம் என்றால் 1.2 கோடி பிக்சல், பிக்சலுக்கு 3 பைட், ஆக 3.6 கோடி பைட். கோப்பு 3 எம்பிதானே என்று ஏமாற வேண்டாம், விரித்தால் 36 எம்பி. எட்டு த்ரெட் ஒரே நேரத்தில் படித்தால் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். ஜேவிஎம் (ஜாவா நிரலை ஓட்டும் இயந்திரம்) தானாக எடுத்துக்கொள்ளும் உச்ச ஹீப் (நிரலுக்கான நினைவகப் பங்கு), கணினியின் நினைவகத்தில் கால் பங்கு. ஹீப்பைக் கூட்டுவதைவிட நல்ல வழி இருக்கிறது. இமேஜ்ரீட்பேரம் என்பதில் சோர்ஸ் சப்சாம்பிளிங் என்று ஒன்று உண்டு. எட்டுக்கு ஒரு பிக்சல் எடு என்றால் 36 எம்பி வேண்டிய இடத்தில் அரை எம்பி சொச்சம்தான் தங்கும். 9 கட்டம் எடுக்க அது ஏராளம்.

மேவன் உள்ளே வரும் இடம்

முதல் ஓட்டத்தில் எனக்கு ஒரு புதிர் கிடைத்தது. அகலவாக்கில் எடுத்த படங்கள் எல்லாம் தம் ஜோடியைக் கண்டுபிடித்துவிட்டன. போனை நிமிர்த்திப் பிடித்து எடுத்தவை ஒன்றுகூட அகப்படவில்லை.

காரணம் இது. போனை நிமிர்த்திப் பிடித்தாலும் சென்சார் படுத்துத்தான் இருக்கிறது. கேமரா பிக்சல்களைப் படுத்த வாக்கிலேயே எழுதிவிட்டு, 'காட்டும்போது திருப்பிக் காட்டு' என்று எக்ஸிஃப் பகுதியில் (படக் கோப்புக்குள்ளேயே இருக்கும் விவரப் பகுதி) ஒரு குறிப்பை மட்டும் வைக்கும். 1 என்றால் அப்படியே, 3 என்றால் தலைகீழ், 6 என்றால் வலச்சுற்றாக 90 பாகை, 8 என்றால் இடச்சுற்றாக 90. படம் காட்டும் செயலிகள் அதை மதிக்கும். இமேஜ்ஐஓ கண்டுகொள்ளாது. படத்தைச் சுருக்கி அனுப்பும் செயலிகள் பெரும்பாலும் பிக்சல்களை உண்மையாகவே திருப்பிவிட்டுக் குறிப்பை நீக்கிவிடும். ஆக மூலம் படுத்திருக்கிறது, பிரதி நிற்கிறது. ஹாஷ் எப்படிப் பொருந்தும்?

எக்ஸிஃப் படிக்க மெட்டாடேட்டா எக்ஸ்ட்ராக்டர் என்ற திறமூல ஜாவா லைப்ரரி இருக்கிறது. வெளியிலிருந்து லைப்ரரி வரும் இந்த இடத்தில்தான் மேவன் என்ற கருவி வேண்டும். ஜார் கோப்பைக் கையால் இறக்கி வைத்தாலும் ஓடும். ஆனால் அந்த ஜாருக்கு இன்னொரு ஜார் தேவைப்படும், அதற்கு வேறொன்று. மேவன் அந்தச் சங்கிலியைத் தானே பிடித்து இழுத்துவிடும். பாம் என்ற எக்ஸ்எம்எல் கோப்பில் லைப்ரரியின் குழுப் பெயர், பெயர், பதிப்பு மூன்றையும் எழுதுங்கள். நிரலை எஸ்ஆர்சி, மெயின், ஜாவா என்ற ஃபோல்டர் வரிசைக்குள் வையுங்கள். ரிலீஸ் 21 என்று குறிப்பிட மறக்காதீர்கள். கிரேடிலும் இதே வேலையைச் செய்யும், வேகமும் அதிகம். ஆனால் பிழை வந்தால் மேவனின் எக்ஸ்எம்எல்லைப் புதியவரால் வாசித்துக் கண்டுபிடித்துவிட முடியும் என்பது என் கட்சி.

வெப்பி படிக்க வேண்டுமென்றால் ட்வெல்வ் மங்கீஸ் என்ற லைப்ரரியைப் பாமில் சேருங்கள். நிரலில் ஒரு வரிகூட மாற்ற வேண்டாம். இமேஜ்ஐஓ அதைத் தானே கண்டுகொள்ளும்.

கணக்கிட்ட ஹாஷ்களைக் கோப்பில் சேமித்து வையுங்கள். பாதை, அளவு, மாற்றிய நேரம், ஹாஷ், நடுவில் டேப். காற்புள்ளி வேண்டாம், கோப்புப் பெயர்களிலேயே அது இருக்கும். தமிழில் பெயர் வைத்த ஃபோல்டர்கள் இருந்தால் இன்னொரு விஷயம்: ஜாவா 18 முதல் யுடிஎஃப்-8 இயல்பாகிவிட்டது, அதனால் 'பொங்கல்' ஃபோல்டர் கோப்பில் ஒழுங்காகப் பதியும். விண்டோஸ் டெர்மினலில் மட்டும் கேள்விக்குறிகளாகத் தெரியலாம். அது திரையின் குறை, தரவு பத்திரமாக இருக்கும்.

ஒப்பிடுதல், பிறகு நான் செய்த தப்பு

10,000 படங்களை ஒன்றோடொன்று ஒப்பிட்டால் ஏறக்குறைய 5 கோடி ஜோடிகள். பயமாகத் தோன்றும், ஆனால் எக்ஸாரும் பிட்கவுன்ட்டும் சிபியுவுக்குத் தூசு. சாதாரண லேப்டாப்பிலேயே கண் சிமிட்டும் நேரம்தான். இரண்டு ஃபார் லூப் போதும். 10 லட்சம் படம் என்றால் 50,000 கோடி ஜோடிகள், அப்போது பிகே மரம் என்ற அமைப்பைத் தேடிப் படியுங்கள். பர்க்ஹார்டும் கெல்லரும் 1973-இல் சொன்னது, இன்றும் இதே வேலைக்குப் பயன்படுகிறது.

என் முதல் நிரல், ஜோடி கிடைத்ததும் சின்னக் கோப்பை அழித்துவிடும்படி எழுதியது. நல்லவேளை பேக்கப் இருந்தது. ஹார்ட் டிஸ்க்கில் மின்கட்டண ரசீது, மருந்துச் சீட்டு, பத்திர நகல் என்று படமெடுத்து வைத்த தாள்கள் நூற்றுக்கு மேல். எல்லாமே வெள்ளைத் தாள். 9க்கு 8 கட்டமாக்கினால் ஓரம் வெள்ளை, நடுவில் லேசான சாம்பல். ஒரு மாதத்து ரசீதுக்கும் இன்னொரு மாதத்து ரசீதுக்கும் நாலைந்து பிட்தான் வித்தியாசம். நிரல் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் துடைத்துவிட்டது.

அதிலிருந்து இரண்டு பழக்கங்கள். ஒன்று, 72 கட்டங்களில் அதிக வெளிச்சத்துக்கும் குறைந்த வெளிச்சத்துக்கும் வித்தியாசம் ரொம்பக் குறைவாக இருந்தால் (நான் 20 என்று வைத்திருக்கிறேன்) அந்தப் படத்தை 'சப்பை' என்று குறித்து, ஒப்பீட்டில் சேர்ப்பதில்லை. இன்னொன்று, நிரல் எதையும் அழிக்காது. ஜோடிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஓர் எச்டிஎம்எல் பக்கம் மட்டும் எழுதித் தரும். பிரவுசரில் திறந்து நானே பார்த்து, வேண்டாததைத் தனி ஃபோல்டருக்கு நகர்த்துவேன். கல்யாணப் படங்களில் ஒரே நொடியில் எடுத்த மூன்றில் ஒன்றில் மாப்பிள்ளை கண்ணை மூடியிருப்பார். மூன்றும் டிஹாஷுக்கு ஒன்றுதான், அக்காவுக்கு அப்படியில்லை.

லைர், லூசின், அதற்கு அப்பால்

இதுவரை பார்த்தது பிரதியைக் கண்டுபிடிப்பது. 'இதைப்போல வேறு படங்களைக் காட்டு' என்பது வேறு வேலை. அதற்கு ஜாவாவிலேயே எழுதிய லைர் என்ற திறமூல லைப்ரரி இருக்கிறது. ஆஸ்திரியாவின் கிளாகன்ஃபர்ட் பல்கலைக்கழகத்தில் மத்தியாஸ் லுக்ஸ் தொடங்கியது. அப்பாச்சி லூசின் மேல் உட்கார்ந்திருக்கிறது. டக் கட்டிங் 1999-இல் உரைத் தேடலுக்காக எழுதிய அதே லூசின்தான்.

லைரில் படத்தை எண்ணாக்கும் முறைகள் பல உள்ளன. சிஇடிடி என்பது நிறத்தையும் விளிம்பின் திசையையும் எண்ணி 144 எண்களாக்கி, 54 பைட்டில் அடக்கும். எது எங்கே இருக்கிறது என்பதை விட்டுவிடும். அதனால் கடற்கரைப் படம் கொடுத்தால் வேறு கோணத்தில் எடுத்த கடற்கரைகள் வரும், கூடவே நீலச் சுவரும் வரலாம். பிஹாக் நிறத்தைப் பார்க்காது, விளிம்புகளையும் அவை இருக்கும் இடத்தையும் பார்க்கும். கோபுரங்களைத் தேட அது பரவாயில்லை. இரண்டையும் ஒரே 200 படங்களில் ஓட்டிப் பாருங்கள், ஒரு மணி நேரத்தில் நிறையப் புரிந்துவிடும்.

ஓட்டுவது எளிது. குளோபல்டாக்குமென்ட்பில்டரிடம் எந்த முறை என்று சொல்லி, ஒவ்வொரு படத்தையும் டாக்குமென்ட்டாக்கி லூசின் இன்டெக்ஸில் எழுதுங்கள். தேட ஜெனரிக்ஃபாஸ்ட்இமேஜ்சர்ச்சர். இரண்டு எச்சரிக்கை. லைர் எந்த லூசின் பதிப்போடு வருகிறதோ அதையே வைத்துக்கொள்ளுங்கள், புதியதை மாற்றிப் போட்டால் தொகுக்காது. லைரின் உரிமம் ஜிபிஎல். வீட்டில் பயன்படுத்தத் தடையில்லை, ஆனால் மூலநிரல் தராமல் விற்கும் மென்பொருளுக்குள் வைக்க முடியாது.

'மஞ்சள் சேலையில் பாட்டி' என்று எழுதித் தேட வேண்டுமா? அதற்கு ஓப்பன்ஏஐ 2021 ஜனவரியில் வெளியிட்ட கிளிப் போன்ற மாடல் வேண்டும். அதன் சின்ன வடிவம் ஒன்று படத்தை 512 எண்களாக்கும், எழுத்தையும் அதே 512 எண்களாக்கும், இரண்டையும் நேராக ஒப்பிடலாம். இப்படிப்பட்ட மாடல்களை ஓட்டும் ஓனெக்ஸ் ரன்டைமுக்கு ஜாவா வழி உண்டு, அமேசானின் டீப் ஜாவா லைப்ரரியும் உண்டு. வரும் எண்களைச் சேமித்துத் தேட லூசினே போதும், 2021-இல் வந்த 9-ஆம் பதிப்பு முதல் அதில் வெக்டர் தேடல் (இப்படிப்பட்ட எண் வரிசைகளில் நெருக்கமானவற்றைத் தேடுவது) இருக்கிறது.

டிஹாஷ் ஒரு படத்துக்கு 8 பைட் எடுத்தது, இது 2,048 பைட் எடுக்கும். பொருளைப் பிடித்துக்கொண்டு, துல்லியத்தை விட்டுவிடும். பிரதி தேட இதைப் பயன்படுத்தினால் எல்லாப் பாட்டிகளும் ஒரே குவியலில் வந்து விழுவார்கள். மூலக் கிளிப் ஆங்கிலத்துக்கென்று பயிற்றுவித்தது. தமிழில் எழுதித் தேடினால் நம்பிக்கையோடு சம்பந்தமில்லாததைக் காட்டும். தேடும் சொல்லை ஆங்கிலத்தில் கொடுங்கள், இல்லாவிட்டால் பாட்டியின் படம் ஒன்றையே தேடலாகக் கொடுங்கள். படத்துக்குப் படம் ஒப்பிடும்போது மொழி குறுக்கே வராது.